பீரோ சாவியும் ஒரு பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டார்கள். கூட்டம் என்றால் கழிப்பறை, காம்பவுண்டு சுவர், நாய்த்தொல்லை, இவ்வளவுதான் பேச்சு. போன ஆண்டு ஒரு கூட்டத்தில் மட்டும் புதிதாக ஒன்று வந்தது. இதே பள்ளியில் படித்து இப்போது வளைகுடாவில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு அண்ணன், நூலகத்தை டிஜிட்டல் ஆக்கித் தருகிறேன், பத்து டேப்லெட், சுவரில் பெரிய டிவி, எல்லாம் என் செலவு என்று சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னால், "நம்ம ஸ்கூல்ல லைப்ரரி இருக்கா?" என்று கேட்கிறாள். மூன்றாவது வருஷம் அங்கே படிக்கிறாள்.

இருக்கிறது. வராந்தாக் கடைசியில் இரண்டு இரும்பு பீரோ, இரண்டிலும் பூட்டு, சாவி பொறுப்பு டீச்சர் கைப்பையில். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் அறிவியலும் எடுக்கிறார், சாரணர் இயக்கமும் பார்க்கிறார், இடையில் இதுவும் தலையில் விழுந்திருக்கிறது. அவருக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறும்போது கணக்கில் 23 புத்தகம் குறைந்து, அவற்றைக் கடை கடையாகத் தேடி வாங்கி வைத்த பிறகுதான் நிலுவையில்லாச் சான்று கைக்கு வந்ததாம். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எந்த டீச்சர் பீரோவைத் திறந்து போடுவார்? பூட்டி வைத்தால் புத்தகம் தொலையாது, கணக்கும் சரியாக இருக்கும். இராமபாணப் பூச்சி தின்றது மட்டும் கணக்கில் வராது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்பது ரூபாய்ப் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்கப் பயப்படுகிற இடத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் டேப்லெட்டை யார் எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள்? அதுவும் அதே பீரோவுக்குள் போகும், சார்ஜ் ஏற்ற ஆளில்லாமல் ஆறு மாசத்தில் பேட்டரி உப்பிக் கிடக்கும். அண்ணனுக்கு ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் போட்டேன், கொஞ்சம் பொறுங்கள், முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று. அவரும் பெரிய மனசோடு சரி என்றார்.

மே விடுமுறையில் பீரோவைத் திறந்தோம். நான், டீச்சர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். இருப்புப் பதிவேட்டில் 1,340 புத்தகம். பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சிடியைக் கொடுத்தார்கள். திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடுகிறது. எனக்கு இது பழகிய நோய், பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் கிறுக்கல், தேடினாலும் எதுவும் அகப்படாது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் இன்றைக்கு வரை என் கடைக்குப் பாமினியில் அடித்த கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றினேன். மாற்றிய பிறகும் பாதி பெயர்கள் தேடலில் வரவில்லை, ஏன் என்று பார்த்தால் அடித்தவர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைப் போட்டிருக்கிறார். 'பொன்' என்று கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே இருப்பது 'பெரன்'. கண் மன்னித்துவிடும், கம்ப்யூட்டர் மன்னிக்காது.

இதைவிடப் பெரிய கூத்து ஆசிரியர் பெயர்கள். தேரூர்க்காரர், நம் மாவட்டத்துக் கவிமணி. அவர் எங்கள் பதிவேட்டில் மூன்று ஆளாக இருந்தார்: 'கவிமணி' ஒருவர், 'சி. தேசிகவிநாயகம் பிள்ளை' ஒருவர், நடுவில் இடம் விட்டு 'தேசிக விநாயகம்' ஒருவர். மூன்று காலத்தில் மூன்று டீச்சர்கள் எழுதியது, யார் மேலும் தப்பில்லை. ஆனால் பிள்ளை ஒரு பெயரைத் தேடினால் மற்ற இரண்டும் வராதே. அதனால் ஒரே பெயர் என்று முடிவு செய்து, மற்றப் பெயர்களைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினோம்.

புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் கோட்டுக் குறியீட்டை, அதாவது பார்கோடை, போனில் ஸ்கேன் பண்ணினால் விவரம் தானாக வந்து விழும் என்று என் தம்பி சொன்னான், அவன் சாப்ட்வேர்காரன். புதிய புத்தகங்கள் சிலவற்றுக்கு வந்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு அந்தக் கோடே கிடையாது, கோடு இருந்தவற்றிலும் நிறைய விவரம் வரவில்லை. கடைசியில் உதவியது போனில் இருக்கும் குரல் தட்டச்சுதான். ஒரு பிள்ளை தலைப்பை வாசிக்கும், போன் எழுதும், இன்னொரு பிள்ளை திருத்தும். எங்கள் பேச்சைக் கேட்டு அது எழுதிய சில தலைப்புகளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள், அரை மணி நேரம் வேலையே நடக்கவில்லை. அப்படியும் பதினோரு நாளில் முடித்துவிட்டோம்.

கோஹா போடலாம் என்றும் தம்பி சொன்னான். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காகச் செய்து 2000-இல் புழக்கத்துக்கு வந்த நூலக மென்பொருள், காசு கிடையாது, மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கே கொடை என்றுதான் அர்த்தமாம். கல்லூரி நூலகங்களுக்கு அருமையானது. எங்களுக்கு அது குருவி தலையில் பனங்காய். அதை நிறுவவும் பராமரிக்கவும் ஒரு ஆள் வேண்டும், டீச்சருக்கு இடமாற்றம் வந்தால் அன்றோடு முடிந்தது. ஆகவே சாதாரண கூகுள் ஷீட். எண், தலைப்பு, எழுதியவர், எந்தப் பீரோ, எந்தத் தட்டு. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே திறக்கும், புதிதாக எதுவும் வாங்கவில்லை.

பட்டியலின் சுட்டியைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, அதனால் பிள்ளைகள் ராத்திரி அம்மா போனில்தான் பார்க்கிறார்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அம்மா குழுவில் கேட்டார், மகன் கால்பந்து பற்றித் தேடுகிறான், ஒன்றுமே வரவில்லையே என்று. கடலோரத்துப் பையன், கால்பந்து என்றால் உயிர். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது பீரோவின் அடித்தட்டில் ஒரு விளையாட்டுப் புத்தகம் இருந்தது. ஆனால் அதன் தலைப்பில் கால்பந்து என்ற சொல்லே இல்லை. அங்கேதான் எங்கள் பட்டியலின் ஓட்டை தெரிந்தது. தலைப்பும் எழுதியவரும் பெரியவர்களுக்குப் போதும், பிள்ளை தேடுவது விஷயத்தை. உடனே 'எதைப் பற்றி' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். படித்துவிட்டுத் திருப்பித் தரும் பிள்ளை தன் வாய்க்கு வந்த நாலு சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வள்ளம், மீன், புயல். பேய். அழுகை வரும். பாட்டி சாவாள். நூலகத்துறையில் படித்தவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பிள்ளை தேடுவது பிள்ளை சொன்ன சொல்லைத்தானே, அகப்பட்டுவிடுகிறது.

யார் எடுத்தார்கள் என்ற தாள் மட்டும் தனி, அதை டீச்சர் மட்டும்தான் திறக்க முடியும். பொதுப் பட்டியலில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்காது. எந்தப் பிள்ளை எதைப் படிக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. குழுவிலேயே ஒருவர் இதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டார், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திரையில் படிப்பதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றி வரும் மதுரைத் திட்டம் இருக்கிறது, பெரிய வகுப்புக்கும் டீச்சர்களுக்கும் தங்கச் சுரங்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை வேண்டும். பிரதம் புக்ஸ் என்ற குழந்தை நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, எழுதியவர், படம் வரைந்தவர் பெயரோடு யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று உரிமத்திலேயே அனுமதி இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வேறென்ன வேண்டும். ஐந்து ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, மடித்து நடுவில் ஸ்டேப்லர் அடித்தால் இருபது பக்கப் புத்தகம். இப்படி நாற்பது கதை போட்டேன். பீரோவில் உள்ள விலையுள்ள புத்தகங்களைவிட இவைதான் அதிகமாகக் கிழிந்திருக்கின்றன. கிழிந்தால் மறுநாள் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம், அதனால் டீச்சர் இதற்கு மட்டும் பூட்டே போடுவதில்லை.

புத்தகம் தொலைந்துவிடுமோ என்ற அந்தப் பயத்தைப் பற்றித்தான் இனி சொல்ல வேண்டும், கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் கடைக்கு அடிக்கடி வருவார். பேச்சுவாக்கில் இந்த 23 புத்தகக் கதையைச் சொன்னேன். மறுநாள் ஒரு தாளோடு வந்தார். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215. நூலகத்தில் ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த 1,000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம், நேர்மைக்குறைவோ அசட்டையோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இவ்வளவு நியாயமான விஷயத்தை அரசாங்கத் தாளில் படித்து ரொம்ப நாளாகிறது.

இதில் நான் கவனித்தது, கணக்கு பீரோவில் எத்தனை இருக்கிறது என்பதில் தொடங்கவில்லை, எத்தனை தடவை வெளியே போனது என்பதில் தொடங்குகிறது. பூட்டி வைத்த பீரோவில் இருந்து ஒன்று தொலைந்தாலும் தப்பு, ஆயிரம் தடவை கொடுத்து வாங்கிய பீரோவில் ஐந்து தொலைந்தால் தப்பில்லை. அந்த ஆயிரத்தை எண்ணிக் காட்டத்தான் எங்களுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. பழைய வழங்கல் பதிவேட்டில் அதை ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக் காட்ட யாருக்கும் நேரமில்லை, ஷீட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டால் எண் வந்துவிடும்.

ஆனால் அது மத்திய அரசின் விதி, எங்கள் டீச்சர் கையில் அப்படி ஒரு தாள் இல்லை. நம் பள்ளிக்கல்வித் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பட்டும்: வழங்கல் எண்ணிக்கையைக் காட்டு, ஆயிரத்துக்கு இத்தனை வரை உன்னிடம் கேட்க மாட்டோம் என்று. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளிக்குத் தக்கபடி ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலகத்துக்கு என்றே மானியம் இருக்கிறது. வாங்கிய புத்தகம் வெளியே வர வழி செய்யாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் பீரோதான் நிறையும். எங்கள் பட்டியலில் ஒரே தலைவர் வரலாறு பதினோரு பிரதி இருந்தது. பக்கத்துப் பள்ளியிடமும் ஒரு பட்டியல் இருந்தால் பத்தைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்வோம்.

வளைகுடா அண்ணனுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. நம் மாவட்டத்தில் இடவப்பாதி என்கிற ஜூன் மழையும் பெய்யும், ஐப்பசியும் பெய்யும், சுவரோடு ஒட்டிய பீரோவின் முதுகு துருப்பிடித்து உள்ளே தாள் பூத்துவிடுகிறது. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் திறந்த ரேக் நாலும், ஒரு மின்விசிறியும், நல்ல டியூப் லைட்டும் கேட்டிருக்கிறோம். டிவி இல்லையா என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். திறப்பு விழாவுக்குப் போட்டோ எடுக்க ரேக் அவ்வளவு அழகாக இருக்காதுதான்.

ஜூன் முதல் நவம்பர் வரை எங்கள் பள்ளியில் 640 தடவை புத்தகம் வெளியே போயிருக்கிறது. இரண்டு தொலைந்தன, ஒன்று பஸ்ஸில், இன்னொன்று மழை நாளில் பையோடு ஓடையில். அந்த விதிப்படி மூன்று வரை போகலாம். டீச்சர் போன சனிக்கிழமை நாகர்கோவில் போய் இரண்டையும் தன் காசில் வாங்கி வந்துவிட்டார், 145 ரூபாய். பில்லை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்தார், தணிக்கைக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
மார்த்தாண்டம் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.