கிருனா நகரத்தாருக்கு எங்கள் நன்றி

அன்புள்ள கிருனா நகரத்தாருக்கு,

வணக்கம். ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் 145 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் உங்கள் ஊருக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்து குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எழுதும் நன்றி மடல் இது. ஸ்வீடிஷ் மொழியில் ஒரு படியை உங்களிடம் நேரில் தருகிறோம். அடுத்து இங்கே வரப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று தமிழிலும் எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஊரை ஒட்டியுள்ள இரும்புச் சுரங்கத்தைப் பற்றி எதையும் மறைக்காமல் எங்களுக்கு விளக்கிச் சொன்ன தொழிலாளர்களுக்கு. இரவு ஒன்றரை மணி வாக்கில் கட்டில் அதிர்ந்து ஜன்னல் கண்ணாடி கிலுகிலுக்கும்போது, புதிதாக வந்தவர் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். அது அன்றைக்குப் பூமிக்கடியில் வைத்த வெடி. ஆட்கள் எல்லோரும் ஒதுங்கிய பிறகு வெடித்தால்தான் புகையும் நச்சு வாயுவும் காற்றோட்டத்தில் வெளியேறி, காலை ஷிப்டுக்குள் இடம் சுத்தமாகும். அதனால்தான் அந்த நேரம்.

இந்த ஊர் ஏன் இடம் மாறுகிறது என்பதையும் நீங்கள்தான் தாளில் படம் போட்டுக் காட்டினீர்கள். கிருனாவாரா மலைக்கு அடியில் மேக்னடைட் இரும்புத்தாது ஒரே பாளமாகக் கிடக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர் நீளம், சராசரியாக 80 மீட்டர் அகலம். அது நேர்செங்குத்தாக இறங்காமல், ஏறத்தாழ 60 பாகை சாய்வில் நகரத்தின் அடிப்பக்கமாகப் போகிறது. தாதுவை மேலிருந்து அடுக்கடுக்காக வெடித்து அள்ளுகிறார்கள். அள்ளிய இடத்தை யாரும் நிரப்புவதில்லை. மேலே தொங்கும் பாறை தானாக இடிந்து விழுந்து நிரப்பிக்கொள்ளும். சாய்வு நகரத்தின் பக்கம் இருப்பதால் இடிகிற பாறையும் அந்தப் பக்கத்துப் பாறைதான். ஆழம் கூடக் கூட, தரையில் விழும் விரிசலும் கிழக்கே, நகரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. அது எட்டும் முன் வீடுகளையும் கட்டடங்களையும் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. இப்போதைய முக்கியத் தளம், மலையின் பழைய உச்சியிலிருந்து அளந்தால் 1,365 மீட்டர் கீழே. வெடி நேரத்துக்கு வெளியே தரை குலுங்கினால் அது பாறைக்குள் தேங்கிய அழுத்தம் விடுபடுவது. 2020 மே 18 அதிகாலையில் வந்த 4.9 ரிக்டர் அதிர்வு அந்த வகை. இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து, அப்படி இடம் மாற வேண்டியிருந்த ஊர்த் தேவாலயத்தை நகர்த்தியவர்களுக்கு. எங்களில் பலர் அந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் 2025 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் சாலையோரம் நின்று பார்க்க எங்களுக்கும் இடம் விட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னீர்கள். 1912-இல் கட்டிய மரக்கட்டடம், 672 டன், 40 மீட்டர் அகலம், போக வேண்டிய தூரம் 5 கிலோமீட்டர். பிரித்து எடுத்துப் போய் மறுபடி கோக்காமல் முழுதாகவே தூக்கினீர்கள். அடித்தளத்தைத் தோண்டி, இரும்பு உத்தரங்களைக் கீழே செலுத்தி, தானே ஓடும் பல அச்சுத் தாழ்தள வண்டிகளை உள்ளே நுழைத்துத் தூக்கிய விதத்தை எங்களில் இருக்கும் கட்டடப் பொறியாளர்கள் இன்னும் பேசித் தீரவில்லை. சாலை ஏறி இறங்கும்போது ஒவ்வோர் அச்சிலும் உள்ள ஹைட்ராலிக் தனித்தனியாக உயர்ந்து தாழ்ந்து மேல்தளத்தை மட்டமாக வைத்திருக்கும். மரக்கட்டடத்தில் ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தாலும் முழுச் சட்டமும் முறுக்கிக்கொண்டு இணைப்புகள் வாய் பிளக்கும். அதனால்தான் மணிக்கு அரை கிலோமீட்டர் என்ற அளவில் ஊர்ந்தது. அதற்கு முன்பே 9 மீட்டர் சாலையை 24 மீட்டராக அகலப்படுத்தி, வழியில் இருந்த மேம்பாலத்தையும் எடுத்திருந்தீர்கள். உள்ளே ஸ்வீடன் இளவரசர் யூஜென் வரைந்த பலிபீட ஓவியத்தையும் ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவியையும் இருந்த இடத்திலேயே பொதிந்து கட்டியிருந்தீர்கள். எல்லோரும் அந்த இரண்டு நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். எங்கள் கணக்கில் பெரிய வேலை அதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவெடுப்பும் சாலை வேலையும்தான். அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தனி வணக்கம்.

குளிர்காலம் சொல்லிக்கொடுத்த அண்டை வீட்டாருக்கு என்ன சொல்வது! டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து புத்தாண்டு வரை சூரியன் தலைகாட்டாத ஊரில், கார் கிளம்பாவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். இனி வருகிறவர்களுக்காக உங்கள் பாடத்தை அப்படியே எழுதுகிறோம். வண்டி நிறுத்துமிடத்துக் கம்பத்தில் இருக்கும் பிளக், எஞ்சின் சூடேற்றிக்கானது. மைனஸ் 20 டிகிரி என்றாலும் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஓடும்படி டைமர் வைத்தால் போதும். இரவு முழுக்க ஓடவிட்டால் மின்கட்டணம்தான் ஏறும். கேபிள், எர்த் இணைப்புள்ள ரப்பர் உறை கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் உறை குளிரில் விறைத்து வெடித்துவிடும். முதலில் வண்டியில் செருகு, பிறகு கம்பத்தில். கழற்றும்போது முதலில் கம்பம். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும், ஆகவே கியரில் விட வேண்டும். தெற்கே நிரப்பிய டீசலோடு வந்தால் அது குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைக்கும். இங்குள்ள பெட்ரோல் பங்கில் குளிர்கால டீசல் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், டயரின் வரிப்பள்ள ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பால்வாடி ஆசிரியைகளே, எங்கள் பிள்ளைகளுக்கு உடுத்தும் முறையை நீங்கள்தான் கற்றுத்தந்தீர்கள். உடம்போடு மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத ஓவரால். பருத்தி பனியன் போட்டு அனுப்பிய அம்மாக்களைக் கடிந்துகொள்ளாமல், வியர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள்.

மருத்துவமனைச் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. கிருனா மருத்துவமனையில் பிரசவப் பிரிவு இல்லை. சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள யெல்லிவாரேவுக்குத்தான் போக வேண்டும். வலி கண்டதும் யாருக்குப் போன் செய்வது, எப்போது கிளம்புவது, வண்டியில் போர்வையும் வெந்நீர் பிளாஸ்கும் ஏன் வேண்டும் என்று ஏழாம் மாதத்திலேயே எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு சுரங்க நகரத்தில் பிள்ளை பிறக்க இவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பது சரியில்லை என்பதே எங்கள் எண்ணம். அந்தக் குறை தெரியாதபடி பார்த்துக்கொள்வது நீங்கள். கைக்குழந்தைகளுக்கு தினம் 5 சொட்டு வைட்டமின் டி கொடுப்பதை இரண்டு வயதோடு நிறுத்தாமல், கறுத்த தோலுள்ள பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் தொடரச் சொன்னதும் உங்கள் அக்கறைதான்.

கலைமான் வளர்க்கும் சாமி பழங்குடிக் குடும்பங்களுக்கும் நன்றி. சாலையோரக் குச்சியில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் அருகே மான் கூட்டம் நிற்கிறது, வேகத்தைக் குறை என்று பொருள். ஒவ்வொரு மானுக்கும் காதில் வெட்டுக்குறியும், அந்தக் குறிக்கு ஓர் உரிமையாளரும் உண்டு. மோதிவிட்டால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்குச் சொல்லி, இடத்தைக் குறித்து வைப்பது சட்டம். சுரங்கமும் ரயிலும் புது நகரமும் சேர்ந்து உங்கள் மேய்ச்சல் வழியைத்தான் குறுக்குகின்றன. அப்படியிருந்தும் எங்களைக் கோபமில்லாமல் நடத்துகிறீர்கள்.

இட்லி மாவு புளிக்காமல் தவித்தபோது, உள்விளக்கை மட்டும் எரியவிட்ட ரொட்டி சுடும் அடுப்புக்குள் (அவன்) ஓர் இரவு வைக்கச் சொன்ன மாடிவீட்டுப் பாட்டிக்கும் நன்றி. நீங்கள் ரொட்டி மாவு வைக்கிற அதே வழி!

2022 செப்டம்பரில் புதிய நகர மையம் திறந்தபோது வேலை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். இப்போது இன்னும் சுமார் 6,000 பேர் வீடு மாற வேண்டியிருக்கும் என்று சுரங்க நிறுவனம் அறிவித்திருக்கிறது. சந்தை விலைக்கு மேல் 25 சதவீதம் ஈட்டுத்தொகை, இல்லையென்றால் மாற்று வீடு என்பது ஏற்பாடு. பிறந்து வளர்ந்த தெருவை விட்டுப் போகும் வருத்தம் அந்தக் கணக்கில் சேராது. உங்களில் யாருக்கு அந்தக் கடிதம் வந்தாலும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பெட்டி கட்ட, சாமான் ஏற்ற, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அன்றைக்குச் சமைத்துக் கொண்டுவர எங்கள் வீடுகளில் ஆள் இருக்கிறது.

நன்றியுடன்,
கிருனாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள்