சிறைவாசிகளின் காசநோய் சிகிச்சைக்குப் பன்னாட்டு ஒத்துழைப்பைப் பெற வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளர்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: சிறைகளில் காசநோயைக் கண்டறிதல், விடுதலைக்குப் பின் சிகிச்சை தொடர்தல் – உலக சுகாதார நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியைப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வீடு வீடாகப் போய், நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்ப்பதுதான் என் பணியாக இருந்தது. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றுதான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது.

எங்கள் பகுதி இளைஞர் ஒருவர் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தார். காசநோய் என்று தெரிந்து உள்ளேயே மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டாவது மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. வெளியே வந்தவரின் கையில் மாத்திரையும் இல்லை, சிகிச்சைச் சீட்டும் இல்லை. எங்களுக்கும் தகவல் இல்லை. பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த அவருடைய அம்மா, "மகன் ராத்திரியெல்லாம் இருமுறான்" என்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் ஐந்து வாரம் ஓடியிருந்தது. அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

இதில் சிறைப் பணியாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் ஒருவரை மாத்திரைக்காக நிறுத்தி வைக்க முடியாது. அப்படியென்றால், விடுதலை நாளுக்கான ஏற்பாட்டைச் சிகிச்சை தொடங்கும் அன்றே செய்து வைத்திருக்க வேண்டும். அந்த வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

வெளியில் இருப்பவர்களைவிடச் சிறையில் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 4,36,266 பேருக்கு இடமுள்ள இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை வேண்டும். இவர்களோ எந்த நாளிலும் வெளியே போகக்கூடியவர்கள். மாத்திரை பாதியில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது திரும்பி வரலாம். அந்தக் கிருமி வார்டருக்கும் வரும், மனு கொடுத்து அவர்களைப் பார்க்க வரும் மனைவி மக்களுக்கும் வரும்.

பன்னாட்டு உதவி என்றால் நமக்குப் புதிது போலத் தோன்றலாம். ஆனால் 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்துதான் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் படுக்க வைக்காமல், நெரிசலான ஏழை வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கு நிரூபித்தது அந்த மையம். நான் பணியில் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது அதே இடத்தில் இருக்கிறது.

சிறைக்கும் முன்னுதாரணம் உண்டு. 1995-இல் அஸர்பைஜான் சிறைகளில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு காசநோய் சிகிச்சையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பல கைதிகளுக்கு ஏற்கெனவே மருந்துக்குக் கட்டுப்படாத நோய் இருந்ததே காரணம். அந்தக் குழுவினர் அதோடு விட்டுவிடவில்லை. பரிசோதனைக்கூடத்தைப் பலப்படுத்தினார்கள், கட்டுப்படாத நோய்க்கான மருந்தைக் கொண்டுவந்தார்கள், விடுதலையானவர்களைப் பின்தொடர ஏற்பாடு செய்தார்கள். பின்னாளில் அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் மருத்துவத் துறையே, சிறைக் காசநோய்க்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமானது. அவர்கள் செய்த தவறுகளிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆகவே ஐயா, முதலில் ஒரே ஒரு மத்திய சிறையில் இதைத் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும், அங்கே பணிபுரிகிறவர்களுக்கும், கையில் எடுத்துப் போகக்கூடிய எக்ஸ்ரே கருவியால் பரிசோதனை நடக்கட்டும். சிறையில் இருப்பவர்களை முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2021 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. நோயாளியோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு, தகுதி பார்த்து, வாரம் ஒருமுறை என 12 வாரம் தரும் தடுப்பு மருந்தைக் கொடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கைதியின் ஊர், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம், தொடர்புகொள்ள வேண்டிய பார்வையாளர் ஆகிய விவரங்களை, காசநோயாளிகளுக்கான அரசு இணையப் பதிவேடான நிக்‌ஷய் பதிவில் சேர்த்துவிட வேண்டும். ஒரு மாத மாத்திரை கொண்ட பை, அவர் பெயர் எழுதிச் சிறை மருத்துவமனையில் தயாராக இருக்கட்டும். சிறை வாசலைத் தாண்டும்போது அது அவர் கையில் இருக்க வேண்டும். இது புதுச் சலுகை அல்ல. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதியே, வெளியில் கிடைக்கும் அதே தரமான சிகிச்சையையும் அது அறுபடாமல் தொடர்வதையும் வலியுறுத்துகிறது.

வெளிநாட்டு அமைப்போடு பேச ஒன்றிய அரசின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சரி, ஆனால் சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உள்துறையையும் சேத்துப்பட்டு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு முதல் கடிதத்தை நம் மாநிலமே எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இந்திய அலுவலகத்திடம் பயிற்சியும் மதிப்பீட்டு உதவியும் கேட்கலாம்.

அந்த இளைஞருக்கு மறுபடியும் சளிப் பரிசோதனை செய்து, சிகிச்சையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முடித்துவிட்டார், நன்றாக இருக்கிறார். மேலே சொன்ன மாத்திரைப் பையைத் தயார் செய்வதற்கும், சிறைவாசிகளிலேயே சிலருக்கு மாத்திரைத் துணைவர்களாகப் பயிற்சி தருவதற்கும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன். தாங்கள் நேரில் அழைத்தால் விவரங்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளர்

நகல்: உள்துறைச் செயலாளர், சிறைகள் மற்றும் சீர்திருத்தப்பணிகள் துறைத் தலைவர்.