டிசம்பர் 6 வருகிறது: மொன்றியல் தமிழ் ஹொக்கி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமார், தம்பிமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும்,

எங்கள் மொன்றியல் கனேடியன்ஸ் கழகத்தின் முன்னாள் கோல் காப்பாளர் கெரி பிரைஸின் 31ஆம் இலக்கச் சட்டை என் அலுமாரியில் இன்னும் தொங்குகிறது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். அவரைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்தால் "நீங்கள் எப்ப இருந்து ஹொக்கி பார்க்கிறியள்?" என்று விசாரணை தொடங்குகிற பழக்கம் எங்கட ஆட்களிடம் உண்டு. 2015இல் ஹார்ட் (மிகப் பெறுமதியான வீரர்), வெசினா (சிறந்த கோல் காப்பாளர்) என்று இரண்டு விருதையும் சேர்த்து வாங்கிய கோலி அவர். 2021இல் ஒருவரும் எதிர்பார்க்காத ஓர் அணியை ஸ்ரான்லி கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். அந்தக் கணக்கில் எனக்கும் உங்களுக்கும் ஒரு சண்டையும் இல்லை.

சண்டை, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் கிழமையில் திரும்பத் திரும்பக் கிளம்புகிற அந்தப் படத்தைப் பற்றியது. 2022 டிசம்பர் 3ஆம் திகதி, வேட்டை உடுப்போடும் கையில் துவக்கோடும் நிற்கிற தன் படத்தை பிரைஸ் இன்ஸ்ரகிராமில் போட்டார். அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த சி-21 துவக்குச் சட்டமூலத்தை எதிர்த்து எழுதினார். தான் குற்றவாளியும் இல்லை, சமூகத்துக்கு ஆபத்தானவனும் இல்லை என்றார். அந்தப் பதிவிலேயே ஒரு துவக்கு உரிமைச் சங்கத்துக்கு ஆதரவும் சொன்னார். அந்தச் சங்கம் அதே நாட்களில்தான் தன் கடைச் சாமான்களுக்கு விலைக்கழிவு கொடுக்க 'பொலி' என்பதைக் குறியீடாக வைத்திருந்தது. 1989 டிசம்பர் 6ஆம் திகதி எக்கோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் ('பொலி' அதன் சுருக்கம்தான்) 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில், நினைவுநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், எங்கள் கோலி அந்தச் சங்கத்தின் பக்கம் போய் நின்றார்.

அதைவிட எனக்கு ஆறாதது பிறகு நடந்தது. பிரைஸுக்கு அந்தக் கொலைகளைப் பற்றித் தெரியாது என்று கழகத் தரப்பு ஒரு விளக்கம் கொடுத்தது. டிசம்பர் 6ஆம் திகதி பிரைஸே எழுதினார்: தனக்குத் தெரியும், இந்தக் கிழமையில் துவக்கைப் பற்றிக் கதைத்தது பாதிக்கப்பட்டவர்களை நோகடித்திருக்கலாம், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கருத்தில் மாற்றம் இல்லை. கழகம் மன்னிப்புக் கேட்டது. பொலிடெக்னிக் நினைவாக நடக்கிற வெள்ளை ரோஜா வார நிதிக்கு நன்கொடையும் கொடுத்தது. இதில் யார் நேர்மையாக நடந்தார்கள் என்று கேட்டால் பிரைஸ்தான் என்பேன். கருத்துப் பிழை என்று நான் நினைக்கிற மனிதர் உண்மையைச் சொன்னார். அவரைக் காப்பாற்ற வந்தவர்கள் அவரை ஒன்றும் தெரியாத ஆளாக்கப் பார்த்தார்கள்.

நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? ஒரு பக்கம் சட்டையைக் குப்பையில் போடப்போகிறோம் என்று கத்தினோம். மறுபக்கம் "ஹொக்கிக்குள்ளே அரசியலைக் கொண்டு வராதையுங்கோ" என்றோம்.

இந்த இரண்டாவது வசனம் எனக்குச் செமிக்கவில்லை. ரொபேர்ட்டோ லுவாங்கோவை மறந்துவிட்டோமா? மொன்றியலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பிறகு புளோரிடா பாந்தர்ஸின் கோலி, வீடு பார்க்லண்டில். 2018 பெப்ரவரி 14ஆம் திகதி அந்த ஊர்ப் பாடசாலையில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில், கோல் காப்பாளரின் கனத்த கால்காப்புகளோடு ஐஸில் நின்றபடி ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார். பட்டது போதும், இனிச் செயலில் இறங்கவேண்டும் என்றார். அந்தக் காணொளியை எத்தனை பேர் எனக்கு அனுப்பினீர்கள்! அன்று ஒருவரும் "கோலி பந்தை மட்டும் பார்க்கட்டும்" என்று சொல்லவில்லை. (பந்து இல்லை, பக் என்று திருத்த வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.) லுவாங்கோவுக்குக் கை தட்டியவர்களுக்கு பிரைஸை வாயை மூடச் சொல்ல உரிமை இல்லை. அவர் பேசட்டும். அவருக்குப் பதில் சொல்ல எங்களுக்கும் அதே உரிமை இருக்கிறது. பதில் சொல்கிறவளைத் துரோகி என்பதுதான் எனக்கு விளங்காதது.

அரசியல் இல்லாத ஹொக்கி இந்த ஊரில் எப்போது இருந்தது? 1955 மார்ச் 17ஆம் திகதி, கனேடியன்ஸின் நட்சத்திரம் மோறிஸ் றிஷார் மிச்சப் பருவம் முழுக்கத் தடைசெய்யப்பட்டதற்காக ஃபோரம் அரங்குக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் டிற்றோயிட்டுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. சென்-கத்தரின் வீதிக் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. ஆங்கிலேய முதலாளிமாருக்குக் கீழே இருந்த பிரெஞ்சு மக்களின் கோபம் அது என்று இன்றைக்கும் பெருமையாகக் கதைக்கிறோம். கடைசியில் அடுத்த நாள் றிஷார்தான் வானொலியில் வந்து, இனிக் குழப்பம் வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்கவேண்டியிருந்தது. வந்து குடியேறிய நாங்கள் அந்தக் கதையையும் சேர்த்துத்தான் இந்த அணியை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

இனி வேட்டைக்கு வருவோம். பிரைஸ் வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் அனகிம் லேக்கில். அம்மா, கனடாவின் பூர்வீகக் குடிகளில் ஒன்றான உல்காச்சோ முதற்குடியின் தலைவியாக இருந்தவர். பயிற்சிக்குப் போக முன்னூறு கிலோமீற்றருக்கு மேலே. அப்பா சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவார். அப்படியான இடத்தில் துவக்கு என்பது இறைச்சிக்கு. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டமூலத்தில் 2022 நவம்பரில் செருகிய, வேட்டைத் துவக்குகள் சிலவற்றையும் தடைக்குள் இழுத்த திருத்தமும் ஒழுங்காக எழுதப்படவில்லை என்பதே என் எண்ணம். முதற்குடிகளின் பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது; அரசாங்கமே 2023 பெப்ரவரியில் அதைத் திரும்ப எடுத்தது. வேட்டைக்காரர் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் பொலிடெக்னிக்கில் சுட்டவன் ரூகர் மினி-14ஐ இந்த ஊர்க் கடையில்தான், சட்டப்படி வாங்கினான். சின்ன மிருகம் வேட்டையாட என்று விற்பனையாளரிடம் சொன்னான். வகுப்புக்குள் போய் ஆண்களை வேறு, பெண்களை வேறாகப் பிரித்து, ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சுட்டான். கொல்லப்பட்டவர்களில் அநேகமானவர்கள் பொறியியல் மாணவிகள். அந்த ரகத் துவக்கை இந்த நாட்டில் தடைசெய்ய 2020 மே மாதம் வரை எடுத்தது. அதற்கும் நோவா ஸ்கோஷியாவில் ஒருவனின் தாக்குதலில் 22 பேர் சாகவேண்டி வந்தது. உயிர் தப்பியவர்களும் பெற்றோரும் கேட்பது இந்த மாதிரித் துவக்கைப் பற்றி. அனகிம் லேக்கில் மானுக்குப் போகிறவரைப் பற்றி அல்ல. இந்த இரண்டையும் கலந்து குழப்புவதில் லாபம் அந்தச் சங்கத்துக்குத்தான், பிரைஸுக்கு அல்ல.

எங்கள் வீடுகளுக்கு இதையெல்லாம் விளக்கவேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். துவக்குச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய ஆட்கள் எங்கள் வீடுகளில் சாய்மனைக் கதிரையில் இருந்து ஆட்டம் பார்க்கிறார்கள். கோட்-டே-நேஜில் இருக்கிற குடும்பங்களுக்கு பொலிடெக்னிக் எட்டி நடக்கிற தூரம். 51ஆம் இலக்க பஸ்ஸில் குயின் மேரி வீதியால் போகும்போது அந்த 14 பேரின் பெயர் பதித்த சதுக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம். என் பெறாமகள் பொறியியல் படிக்கிறாள். போன வருடம் எங்கள் ரசிகர் வட்டத்தில் "அந்தப் பழைய கதையை விடுங்கோ அக்கா" என்று ஒரு தம்பி எழுதினபோது அவளும் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வட்டத்தை விட்டு விலகினாள். அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளும் விலகினார்கள். அவர்களுக்குப் பிறகு பவர் பிளேயை விளங்கிக் கதைக்கிற ஆள் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

பிரைஸை ஏசுகிற பக்கமும் சுத்தமில்லை. சட்டம் பிழையா சரியா என்று தொடங்கி, இரண்டாம் நிமிடத்தில் முதற்குடி மக்களைப் பற்றி ஏதாவது ஊத்தைக் கதை வந்துவிடும். 2021இல் எட்மன்டன் அணியின் முதற்குடி வீரர் ஈத்தன் பேர் (Ethan Bear), அணி தோற்றதும் இதே மாதிரி இனவெறி ஏச்சு வாங்கினார். 2014இல் எங்கள் அணியின் கறுப்பின வீரர் சுபான் பொஸ்ரனுக்கு எதிராக கோல் அடித்தபோது வந்ததை நாங்கள் எல்லாரும் சேர்ந்து கண்டித்தோம். எங்கள் ஆள் என்றால் ஒரு நியாயம், கோபம் வந்தால் இன்னொரு நியாயமா?

கேட்பது பெரிய விசயம் இல்லை. டிசம்பர் முதல் கிழமையில் அந்தப் படத்தை யாரும் வட்டத்தில் போடவேண்டாம், ஆதரித்தும் வேண்டாம், எதிர்த்தும் வேண்டாம். வட்டத்தை நடத்துகிற அண்ணாமார் 6ஆம் திகதி ஒரு நாளாவது பகிடிகளைக் கண்டும் காணாமல் விடாமல் அழித்துவிடவேண்டும். விலகிப்போன பிள்ளைகளை யாராவது பெரியவர் கூப்பிட்டுக் கதைக்கவேண்டும். நான் கூப்பிட்டால் சித்தி சொல்கிறா என்று வருவார்கள், அது கணக்கில் சேராது.

6ஆம் திகதி மாலை 5.10க்கு, சூடு தொடங்கிய நேரத்தில், மொன்-றோயல் மலையிலிருந்து 14 ஒளிக்கற்றைகள் ஒவ்வொன்றாக வானத்துக்கு ஏறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வாசிப்பார்கள். நாங்கள் சில பேர் போகிறோம். 11ஆம் இலக்க பஸ் மேலே போகும். கழகச் சட்டையோடு வரலாம், 31ஆம் இலக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. நானும் அதைத்தான் போடப்போகிறேன், மேலே தடித்த ஜக்கெற்றோடு. சி-21ஐப் பற்றி என்னோடு மல்லுக்கட்ட விருப்பமானவர்கள் 7ஆம் திகதி காலையில் தொலைபேசி எடுங்கள். நேரம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோட்-டே-நேஜிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி