புரதச் சதவீதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கறிக்கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்குக்கு மாற்று பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. மாற்றுத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் கட்டுரையின் அட்டவணை, எந்தப் புண்ணாக்கில் எத்தனை சதவீதம் புரதம் என்பதோடு நின்றுவிட்டது. அதை நம்பி ஃபார்முலா போட்டால் பேட்ச் எடை ஏறாது.

கடலைப் புண்ணாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் 45 சதவீதத்தை ஒட்டி வரும், சோயாவுக்குச் சளைத்ததல்ல. ஆனால் புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான, கோழி வளர அவசியமான லைசினோ சோயாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எள்ளுப் புண்ணாக்கிலும் சூரியகாந்தியிலும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தாராளம், லைசின் அங்கேயும் இடிக்கும். ஆய்வகம் அளப்பதே நைட்ரஜனைத்தான்; அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதித் தருகிறார்கள். யூரியா கலந்த சரக்குக்கும் சான்றிதழில் எண் அழகாகத்தான் வரும்!

'லைசினை மூட்டையாக வாங்கிச் சேர்த்தால் ஆச்சு' என்பார்கள். சேர்க்கலாம்தான். அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடாக வருவதால் தீவனத்தில் குளோரைடு ஏறும். உப்பைக் குறைத்துச் சோடா உப்பால் ஈடுகட்ட வேண்டும். லைசினைச் சரிசெய்த பிறகு திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் பற்றாக்குறை தலைதூக்கும்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. எண்ணெய் எடுக்கும்போது சூட்டில் அது லைசினைப் பிடித்துக்கொள்ளும், பிறகு கோழிக்கு அந்த லைசின் கிடைக்காது. மிச்சமிருக்கும் காசிபாலைக் கட்ட அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்ப்பது பழைய வழி. கடுகுப் புண்ணாக்கு அளவு மீறினால் தைராய்டைப் பாதிக்கும். கடலைப் புண்ணாக்கை அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கான சோதனை இல்லாமல் கலவை இயந்திரம் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

என் கருத்து, முதல் பத்து நாள் குஞ்சுத் தீவனத்தில் சோயாவில் கை வைக்கக் கூடாது. அந்த வயதில் குடல் இன்னும் பக்குவப்படவில்லை. நார்ச்சத்து கூடினால் வளர்ச்சி அங்கேயே தடைப்படும். மாற்றுச் சரக்கைக் கடைசிக் கட்டத் தீவனத்தில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். எடை போடும் நாள்வரை காத்திருக்க வேண்டாம், கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் கூளத்தை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உதிராமல் கட்டிபிடித்தாலோ, கோழியின் பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருந்தாலோ, தண்ணீர்க் குழாயில் கசிவும் இல்லையென்றால் தீவனத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த முறை இந்த அட்டவணையைப் போடும்போது செரிக்கும் லைசின், மெத்தியோனின், திரியோனின், நார்ச்சத்து என நான்கு பத்திகள் கூடுதலாகச் சேர்த்து வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் மொத்தப் புரதத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்