பனி இல்லாத எடத்துக்கு ஸ்கீயிங் பேக்கேஜ் வித்தது சம்பந்தமா புகார்

பெறுநர்: கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு (வண்ணாரப்பேட்டை கிளை)

பொருள்: ஜனவரி மாச காஷ்மீர் குல்மார்க் ஸ்கீயிங் பேக்கேஜ், பணத்த திருப்பி கேட்டு

வணக்கம் சார்,

போன்ல பேசி பேசி வாய் வலிச்சு போச்சு, ஒவ்வொரு தபாவும் வேற வேற ஆளு எடுக்குறாங்க, மொதல்லேந்து கத சொல்ல வேண்டியிருக்கு, அதான் எழுத்துல குடுக்குறேன். பனி பெய்யலன்னு உங்க மேல எனக்கு கோவம் கெடயாது சார், வானத்துக்கு நீங்களா ஓனரு. பனி இல்லன்னு தெரிஞ்சும் இருக்குன்னு சொல்லி குடும்பத்தோட எங்கள ஏத்தி அனுப்புனீங்க பாருங்க, புகாரு அதுக்குதான்.

கெளம்புறதுக்கு மொத நாளு உங்க ஆபீஸ்ல இருக்குற பொண்ணுகிட்ட "பனி எப்டிம்மா கீது, கொழந்தைங்கள வேற இட்டுனு போறோம்"னு கேட்டேன். "செம்மயா இருக்கு சார், அஞ்சடி பனி, இன்னிக்கி காலைல எடுத்தது"ன்னு ஒரு வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்புச்சு. அதுல கேபிள்கார் பின்னாடி மரமெல்லாம் பனி பாரம் தாங்காம தொங்கினு இருக்கு. அங்க போயி நின்னா அதே மரம் பச்சப்பசேல்னு நிக்குது. அப்பறம் ரூம்ல ஒக்காந்து உங்க ஃபேஸ்புக் பக்கத்த நோண்டுனா, அந்த வீடியோ போன வருஷம் மார்ச்ல நீங்களே போட்டது. ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டும் இதோட வச்சிருக்கேன். அந்த பொண்ண திட்டாதீங்க, யாரு அத ஃபார்வேர்டு பண்ண சொன்னாங்களோ அவங்கள கேளுங்க.

டங்மார்க்லயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. டங்மார்க்லேந்து குல்மார்க் மேல ஏற ரோடு பூரா பனியா இருக்கும், டயருக்கு செயின் போட்ட வண்டிதான் விடுவாங்க, அதுக்கு தனியா துட்டு குடுக்கணும்னு ஆளுக்கு 900 ரூபா இங்கயே வாங்கிட்டீங்க. அங்க ரோடு காஞ்சு கெடக்கு சார். ஸ்ரீநகர்லேந்து எங்கள ஏத்தினு வந்த அதே டெம்போ டிராவலர் செயினும் இல்லாம ஒண்ணும் இல்லாம ஹோட்டல் வாசல் வரைக்கும் போச்சு. அப்ப அந்த 900 எதுக்கு?

இப்ப ஸ்லோப்புக்கு வரேன். குல்மார்க்ல கத்துக்குறவங்களுக்குன்னு இருக்குறது கீழ கிண்ணம் மாதிரி இருக்குற அந்த புல்வெளி, கோல்ஃப் மைதானம் இருக்குற எடம். பனி நல்லா விழுந்தா அது அருமையான எடமாம், ஒத்துக்குறேன். நாங்க பாத்தப்ப அங்கங்க திட்டு திட்டா வெள்ள, நடுவுல பழுப்பு புல்லு எட்டி பாக்குது. எங்களுக்கு கத்துக்குடுக்க வந்த காஷ்மீர்கார அண்ணன் கைல இருந்த ஸ்டிக்க பனில குத்துனாரு, நாலு வெரக்கட கூட போகல, டக்குன்னு கல்லு மேல முட்டுற சத்தம் கேட்டுது, எடுத்து பாத்தா முனையில சேறு. அவரே ஹிந்தில "இன்னும் பனி விழல சார், பிப்ரவரில வந்திருக்கலாமே"ன்னாரு. அந்த மனுசன் நேர்மைய உங்க ஆபீஸ்ல கொஞ்சம் வாங்கி வைங்க.

அதுவும் இருந்த பனி பனியே இல்ல. பகல்ல வெயில்ல கொஞ்சம் உருகுது, ராத்திரி மறுபடி ஒறஞ்சு போவுது, இப்டியே பல நாளு ஆனா மேல இருக்குற அந்த மெத்துன்னு இருக்குற தூளு பனி போயி கெட்டியா கண்ணாடி கணக்கா ஆயிடும். எங்க மாமனாருக்கு காசிமேட்டுல ஐஸ் வியாபாரம் சார், மீனு மேல போடுற ஒடச்ச ஐஸுக்கும் ஃபேக்டரிலேந்து எறங்குற ஐஸ் பாருக்கும் வித்தியாசம் எங்க வூட்டு கொழந்தைக்கு கூட தெரியும். அந்த ஐஸ் பார் மாதிரி கெட்டி பனி மேல கால்ல ஸ்கீ கட்டைய மாட்டினு நிக்க வச்சீங்க எங்கள. புதுசா கத்துக்குறவங்களுக்கு மொதல்ல காலு ரெண்டையும் முன்னாடி பக்கம் கூப்பி வச்சு பிரேக் போட சொல்லித்தருவாங்க, அது தூளு பனில புடிக்கும், இந்த மாதிரி ஐஸ்ல கட்டையோட ஓரம் நல்லா தீட்டியிருந்தாதான் புடிக்கும். நீங்க வாடகைக்கு எடுத்து குடுத்த கட்டையில ஓரமெல்லாம் மொக்க, அடில கல்லு கிழிச்ச கோடு கோடா.

இன்னொன்னு, பூட்ஸ கட்டையோட புடிச்சிக்குற பைண்டிங் இருக்குல்ல, அத ஆளோட எடை, பூட்ஸ் சைஸ், எவ்ளோ ஓட்ட தெரியும்ன்றத பாத்துதான் டைட் வைக்கணும், விழுந்தா கட்ட தானா கழலணும், அதுக்குதான் அந்த செட்டிங்கே. எங்க மச்சான் 90 கிலோ, என் பொண்ணு 30 கிலோ. யார்கிட்டயும் எடை இன்னான்னு ஒரு வார்த்த கேக்கல. மச்சான் விழுந்தப்ப கட்ட கழலல, முட்டி திருகிக்கினு இன்னிக்கி வரைக்கும் மாடிப்படி ஏற எறங்க அல்லாடுறாரு.

கேபிள்கார் பேஸ் 2 விஷயத்துக்கு வாங்க, இதுதான் ரொம்ப மோசம். உங்க நோட்டீஸ்ல "அஃபர்வாட் உச்சியிலிருந்து ஸ்கீயிங், எல்லா வயதினரும் மகிழலாம்"னு போட்ருக்கீங்க. கேபிள்கார் ரெண்டு பாகம், குல்மார்க்லேந்து கோங்டோரி வரைக்கும் பேஸ் 1, அங்கேந்து அஃபர்வாட் மேல போறது பேஸ் 2, மேல ஸ்டேஷன் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் ஒசரம். அங்க இருக்குற சரிவு உலகம் பூரா இருந்து தேறுன ஆளுங்க தேடி வர்ற எடம், மெஷின் வச்சு சமன் பண்ண பாத கெடயாது, செங்குத்து, பேட்ரோல் ஆளுங்க கண்காணிக்கிற எல்லைய தாண்டுனா பனிச்சரிவு ஆபத்து. 2023 பிப்ரவரில போலந்துகாரங்க ரெண்டு பேரு, 2024 பிப்ரவரில ரஷ்யாகாரர் ஒருத்தரு பனிச்சரிவுல செத்துருக்காங்க, பேப்பர்லயே வந்துச்சு. அங்கதான் எல்லா வயசுக்காரங்களும் மகிழணுமா? அந்த ஒசரத்துல மூச்சுக்கு கெடைக்கிற ஆக்சிஜன் நம்ம ராயபுரம் பீச்சுல கெடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு கூட வராது, பிரஷர் மாத்திர போடுற பெரியவங்க கூட வராங்கன்னு ஃபார்ம்ல எழுதி குடுத்தும் யாரும் ஒண்ணும் சொல்லல.

நாங்க போன அன்னிக்கி காத்து ஜாஸ்தின்னு பேஸ் 2வ நிறுத்திட்டாங்க. நிறுத்துனது சரிதான், கேபிள்கார்காரங்க மேல எந்த தப்பும் இல்ல. ஆனா உங்க டூர் மேனேஜர் தம்பி "வெதரு சார், ரீஃபண்ட் வராது"ன்னு ஜகா வாங்குனாரு பாருங்க, அப்ப நான் கைல இருந்த டிக்கெட்ட உத்து பாத்தேன். அதுல பேஸ் 1 மட்டும்தான் இருந்துச்சு. எங்ககிட்ட வாங்குனது ரெண்டு பேஸுக்கும். எடுக்காத டிக்கெட்டுக்கு இன்னா சார் வெதரு?

"ஜனவரில பனி இல்லாம போகும்னு யாருக்கு தெரியும்"னு உங்க ஆளு கேட்டாரு. தொழில் பண்றவங்களுக்கு தெரியணும். டிசம்பர் 21லேந்து 40 நாள் அங்க சில்லாய் கலான்னு சொல்வாங்க, கடுங்குளிரு காலம், அதனால பனி கேரண்டின்னு நோட்டீஸ்ல அடிச்சிருக்கீங்க. குளிரு வேற பனி வேற. மேக்க இருந்து வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் வந்து மேகத்த கொண்டாந்தாதான் பனி விழும், அது வரலன்னா வெறும் குளிருதான். 2024 ஜனவரில குல்மார்க் மொட்டையா கெடந்தத எல்லா டிவிலயும் காட்டுனாங்க. 2025ல கேலோ இந்தியா குளிர்கால போட்டியவே பனி இல்லன்னு பிப்ரவரிலேந்து மார்ச்சுக்கு தள்ளுனாங்க. கவர்மெண்டே தேதிய மாத்துது, நீங்க எங்களுக்கு ஒரு போன் போட்டு "பனி கம்மியா கீது, மாத்திக்கிறீங்களா"ன்னு கேட்டிருந்தா நான் ஏன் இத எழுத போறேன்.

ஹோட்டல், சாப்பாடு, ஃபிளைட் இதுக்கெல்லாம் நான் ஒரு ரூபா கேக்கல. காலைல குடுத்த பராட்டா நல்லாவே இருந்துச்சு. நான் கேக்குறது: ஸ்கீயிங்னு தனியா ஆளுக்கு வாங்குன 11,000, செயின் வண்டி காசு, எடுக்காத பேஸ் 2 டிக்கெட் காசு, மச்சானோட ஸ்கேன், டாக்டர் பில்லு. பில்லு காப்பி எல்லாம் வச்சிருக்கேன். அடுத்த தபாவுக்கு டிஸ்கவுன்ட் கூப்பன்னு டபாய்க்காதீங்க, கூப்பன் வேணாம், பணமா அக்கவுண்ட்ல போடுங்க. அந்த நோட்டீஸ்லேந்து "எல்லா வயதினரும்", "பனி கேரண்டி" ரெண்டையும் எடுங்க.

15 நாள் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு பதிவு பண்ணிட்டு, நேரா சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல 2019 சட்டப்படி போட்டுடுவேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கெடயாது, நான் குடியிருக்குற எடத்துலயே போடலாம், அதனால எனக்கு அலைச்சலும் இல்ல. போன்ல கூப்ட்டு சமாதானம் பேசாதீங்க, எதுவா இருந்தாலும் மெயில்ல குடுங்க, புக்கிங் ரசீது இதுலயே இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை கஸ்டமர்

இணைப்பு: வாட்ஸ்அப் வீடியோ ஸ்கிரீன்ஷாட், ஃபேஸ்புக் ஸ்கிரீன்ஷாட், புக்கிங் ரசீது, பேஸ் 1 டிக்கெட், ஸ்லோப் போட்டோ, ஆஸ்பத்திரி பில்லு