சுக்கும் ஓமமும் வந்து சேர்ந்தன

துவாஸ், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பார்சலுக்குள் நீ வைத்திருந்த கடிதம் கைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. போனில்தான் பேசுகிறோமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டேன். ஆனால் போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் இங்கே இருமினால் எதிர்வீட்டு அத்தை அங்கே "சளியா?" என்று கேட்கிறாள். வயிற்று விவகாரத்தையெல்லாம் தெருவைக் கூட்டி வைத்துப் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மேலத்தெரு அண்ணன் வியாழக்கிழமை கிளம்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன்.

சுக்கு, ஓமம், நார்த்தங்காய், அங்காயப்பொடி எல்லாம் சிந்தாமல் வந்தன. கசகசாப் பொட்டலத்தை மட்டும் அண்ணன் திருச்சி விமான நிலையத்திலேயே குப்பையில் போட்டுவிட்டாராம். இங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. குருமாவுக்கு அரைக்கத்தான் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இனிமேல் வைக்காதே.

நீ கேட்டதற்கு மறைக்காமல் சொல்கிறேன். வயிறு கொஞ்சம் கெட்டதுதான், இரண்டே இரண்டு நாள். எங்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஊரில் ஆடியும் மார்கழியும் ஒரே வேக்காடு. மதியம் பிரித்தபோது குழம்பு லேசாக நுரைத்திருந்தது. பசியில் நான் பார்க்கவில்லை. சாயங்காலம் லாரியில் திரும்பும்போது ஒவ்வொரு சிக்னலுக்கும் குடல் தொண்டைக்கு வந்து வந்து போனது. அறைக்கு வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. மறுநாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் எழுந்து நடந்துவிட்டேன். லீவு போடவில்லை, கவலைப்படாதே.

அன்று என்னைக் கவனித்தது மேல் கட்டில் பாய்தான். வங்காளதேசத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஓம டப்பாவைத் தேடிக்கொண்டிருக்க, அவர் அரை லிட்டர் தண்ணீரில் மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் போட்டுக் கலக்கினார். 1980இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள், பிராக் என்ற அமைப்பின் பெண்கள் அவர்கள் நாட்டில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்களாம். அவர் அம்மா அப்படிக் கற்றுக்கொண்டவர். பேதியாகும்போது தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று நம் பாட்டி சொல்வாளே, அது சுத்தத் தப்பு அம்மா. ஆளைச் சாய்ப்பதே உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். குமட்டலைச் சுக்கு அடக்கும், இழந்ததை அது திருப்பித் தராது. கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் தொடங்க வேண்டும்.

உப்பு கூடிப்போனால் ஆபத்து. குடிக்கும் முன் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது என்றார் பாய். "அந்த ருசி எனக்கு நன்றாகத் தெரியும் பாய்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் உன் மருந்து. பொது அடுப்பில் வரிசை ஒழிய இரவு பத்தரை ஆகிவிட்டது. சுக்கைத் தட்டிப் போட்டு, ஓமத்தை வெறும் சட்டியில் வறுத்துச் சேர்த்து, இரண்டு டம்ளர் ஒன்றாகச் சுண்டும் வரை நின்றேன். அறையில் பன்னிரண்டு பேர். வாசனை பிடித்து நான்கு பேர் டம்ளரோடு வந்துவிட்டார்கள். "சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமும் இல்லை" என்று அப்பா மாதிரியே இழுத்துச் சொல்லிக்கொண்டு ஊற்றினேன். ஓமம் வெடித்தபோது நம் அடுப்படி, ஈர விறகு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நீ திட்டுவது எல்லாம் வந்துவிட்டது. டம்ளரைக் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றேன்.

அது கிடக்கட்டும். வேலைத்தளத்து வாசலில் அட்டைப்பெட்டி பொறுக்கும் ஒரு சீனப் பாட்டியைப் பற்றி உனக்குச் சொல்லவேயில்லையே. எழுபது வயதுக்குக் குறையாது. தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு அட்டை அடுக்கியிருப்பாள். என்னைப் பார்த்ததும் "தம்பி, மாக்கான்?" என்பாள். அப்பா என்னை வழக்கமாகத் திட்டும் வார்த்தை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று முதல் வாரம் முறைத்துக்கொண்டு போனேன். மலாயில் மாக்கான் என்றால் சாப்பிடுவதாம், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்! அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியிலிருந்து "அசாம் போய்" என்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், உப்பில் உலர்த்திய ஒரு புளிப்புப் பழம். வாயில் அடக்கினால் எச்சில் ஊறிக் குமட்டல் அடங்குகிறது. நம் நார்த்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம். ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

இஞ்சி டீக்கு இங்கே தே ஹாலியா என்று பெயர். பால் சேர்க்காமல் வேண்டுமென்றால் தே ஓ ஹாலியா என்று கேட்க வேண்டும். வயிறு சரியில்லாதபோது பால் ஆகாது, தெரிந்ததுதானே. கடையில் குடிப்பதற்குப் பதில் தேக்கா சந்தையில் இஞ்சி வாங்கி நானே போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக் கணக்கையும் நிறுத்திவிட்டேன், இரவில் கஞ்சியும் அங்காயப்பொடியும்தான். வயிற்றுக்கு அதுதான் நல்லது, காசுக்காக இல்லை.

இப்போது பாப்பா விஷயம். மூன்றாம் மாதம், மசக்கை கடுமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அண்ணன் மனைவி இங்கே மருத்துவமனையில் தாதி (நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), அவரிடம் விவரமாகக் கேட்டேன். காலையில் எழுந்திருக்கும் முன்பே படுக்கையில் கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ தின்னட்டும், பிறகு கால் மணி நேரம் கழித்து எழட்டும். வயிற்றைக் காலியாக விடக் கூடாது, நிரப்பவும் கூடாது. நீ தாளிக்கும்போது அவளைத் திண்ணைக்கு அனுப்பிவிடு. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடு. இஞ்சி டீ மெல்லியதாக ஒரு டம்ளர் போதும், நல்லது என்று நான்கு தடவை கொடுத்துவிடாதே. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அது குமட்டினால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். அவள் மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யலாம் என்றாராமே, கூடவே கூடாது. நான் சொன்னதாகவே சொல், என்மீது கோபம் வந்தால் வரட்டும். குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து கறுத்துப் போனால், கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதே. மாப்பிள்ளை வண்டியை எதிர்பார்க்காமல் ஆட்டோ பிடித்துப் பேராவூரணி ஆஸ்பத்திரிக்குப் போ.

வளைகாப்பை ஏழாம் மாதமே வைத்துக்கொள்ளலாம். நான் வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அப்பாவிடமும் சொல். இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன், மழையால் ஓவர்டைம் இல்லை, வேறொன்றும் இல்லை. அட்டிகைக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வை. எக்காரணம் கொண்டும் ஏலத்துக்கு விட்டுவிடாதே. மோட்டார் காயில் கட்டுவதை அப்பா அடுத்த மாதம் வரை தள்ளட்டும், சித்தப்பாவிடம் கடன் கேட்க வேண்டாம்.

அண்ணனிடம் கோடாலி தைலம் ஆறு புட்டி கொடுத்து அனுப்புகிறேன். பாப்பாவுக்கு டாக்டரைக் கேட்காமல் பூசாதே. பெரியக்காவுக்கு இரண்டு, பூசாரி தாத்தாவுக்கு ஒன்று. எதிர்வீட்டு அத்தைக்கு ஒன்றுதான், போன தடவை மூன்று வாங்கிக்கொண்டு ஒன்றுதான் வந்தது என்று ஊரெல்லாம் சொன்னாளாம்.

உன் மகன்