வெல்டிங் படிக்க வைக்க நினைக்கும் பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வுக்குப் பிறகு பிள்ளையை எதில் சேர்ப்பது என்று கேட்டு வருபவர்களில் இந்த ஆண்டு வெல்டிங்கைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"படிப்பு ஏறல சார், மலைக்குக் கீழ சேலத்துல ஏதாவது பட்டறையில விட்டுடலாம்னு இருக்கோம்" என்கிறீர்கள். அப்போது பையன் பக்கத்திலேயே நிற்கிறான். தயவுசெய்து இதை அவன் காதுபட சொல்லாதீர்கள். வெல்டிங் மார்க் வராதவனுக்கான தண்டனை இல்லை. அளவு எடுக்க, வரைபடம் பார்க்கக் கணக்கு வேண்டும். கை நிதானம் அதைவிட அதிகம் வேண்டும்.

கேட், கிரில் அடிக்கிற பட்டறையில் பற்றவைப்பு பார்க்க நன்றாக இருந்தால் போதும், பெயின்ட் மூடிவிடும். மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரியான இடங்களில் பாய்லர் குழாய்க்கு அது செல்லாது. அந்த வேலைக்குத் தேர்வு வைக்கும்போது குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் அண்ணாந்தும் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். இதைத்தான் 'சிக்ஸ் ஜி' என்கிறார்கள். முடித்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே அளவுக்கு மீறிக் காற்றுக்குமிழோ கசடோ தெரிந்தால் தேர்வில் தோல்விதான். எவர்சில்வர் தகட்டில் ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் டிக் வெல்டிங்கும் இப்படித்தான்; சூடு கொஞ்சம் கூடினாலும் தகடு நெளிந்துவிடும். நல்ல சம்பளம் இந்த மாதிரி வேலைகளுக்குத்தான்.

சரி, அங்கே போக வழி என்ன? ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவு ஓராண்டு. எட்டாவது தேறியிருந்தால் போதும். ஆனாலும் பத்தாவதை முடிக்காமல் அனுப்பாதீர்கள். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரை விழும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிவரும். பின்னாளில் டிப்ளமோ ஆசை இருந்தால் இரண்டாண்டு ஃபிட்டர் (இயந்திர பாகங்களைப் பொருத்தும் தொழில்) பிரிவையும் யோசியுங்கள். பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சேலம் கோரிமேட்டு அரசு ஐடிஐ நம் ஏற்காடு சாலையிலேயே இருக்கிறது. அரசு ஐடிஐகளில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஐடிஐ முடித்ததும் ஒரு வருஷம் அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்), அதற்கும் சம்பளம் மாதிரி ஒரு தொகை தருவார்கள். பெண் பிள்ளைகளும் சேரலாம். "இது ஆம்பளைங்க வேலையாச்சே" என்று ஒரு அம்மா தயங்கினார். ராடு பிடிக்கிற கைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

நேராகப் பட்டறையில் ஹெல்பராக விடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். நம் மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனான். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் எரிய, வீட்டில் உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கண் சிவந்து, நீர் வடிய வந்து நின்றான். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. வெல்டிங் முகமூடியில் 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி வேண்டும். பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் போட வேண்டும். புகையையும் லேசாக எடுக்காதீர்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் வகைப்படுத்திவிட்டது. காற்றோட்டம், முகக்கவசம் இதையெல்லாம் ஐடிஐயில் முதலிலேயே பழக்குவார்கள். பட்டறையில் அவசர வேலை வந்தால் யாருக்கும் ஞாபகம் வராது. அதோடு, 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கச் சட்டமும் இடம் தரவில்லை.

வரும் சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளியில் இதுபற்றிப் பேசுவோம். பிள்ளையையும் கூட்டிவாருங்கள்; அவர்கள் கேட்க வேண்டியதை அவர்களே கேட்கட்டும். விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ தேவைப்படும். எஸ்.டி. சான்றிதழ் இன்னும் வாங்காத குடும்பங்கள் இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். அது கோட்டாட்சியர் அலுவலகம் வரை போய்வர வேண்டும், நாள் பிடிக்கும். மனு எழுதத் தெரியாதவர்கள் மதிய இடைவேளையில் வந்தால் அலுவலக உதவியாளர் எழுதித் தருவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்